டி790எம் போட்டும் டாக்கிங் ஸ்கோர் நகரவே இல்லை, கணக்கு எங்கே இடிக்குது?

நொய்யல்கரை (கோவை)

எல்லாருக்கும் வணக்கமுங்க. முதுகலை புராஜெக்ட்டுக்கு ஈஜிஎஃப்ஆர் கைனேஸும் (நுரையீரல் புற்றுநோயில் மருந்து குறிவைக்கிற புரதம்) அதைத் தடுக்கிற ஜெஃபிட்டினிப் மருந்தும் எடுத்திருக்கேன். பிடிபியில் (புரத அமைப்புத் தரவுத்தளம்) 2ஐடிஒய் அமைப்பை இறக்கி, பைமால் மியூட்டாஜெனிசிஸ் விசார்டு வழியா 790-ஆம் இடத்துத் திரியோனினை மெத்தியோனினா மாத்தினேன் (இதுதான் டி790எம்). இயல்புப் புரதம், பிறழ்வு ரெண்டையும் ஆட்டோடாக் வினாவில் (மருந்து எவ்வளவு இறுக்கமா ஒட்டும்னு மதிப்பெண் போடுற டாக்கிங் மென்பொருள்) ஒரே பெட்டி (22 ஆங்ஸ்ட்ராம்), எக்ஸாஸ்டிவ்னஸ் (தேடலின் ஆழம்) 8 வெச்சு ஓட்டினதில் −8.4, −8.1 வந்தது. நுரையீரல் புற்றுநோயில் மருந்தையே செல்லாக்காசாக்குற மியூட்டேஷனுக்கு 0.3 கிலோகலோரிதான் வித்தியாசம்னா நம்ப முடியலைங்க. இதை எதிர்ப்புக்குச் சான்றுன்னு எழுதலாமுங்களா? இல்ல ஃபோல்டுஎக்ஸ் (புரத நிலைத்தன்மைக் கணக்கு), எஃப்இபி (கட்டற்ற ஆற்றல் மாற்றத்தைப் படிப்படியா கணக்கிடுற முறை)ன்னு போகணுமுங்களா? கையில் 12 ஜிபி ஜிபியூ ஒண்ணு இருக்கு.

சிறுவாணி (கோவை)

எழுத வேண்டாம் தம்பி. வினாவை 2010-இல் வெளியிட்டப்பவே அதோட திட்டப்பிழை 2.85 கிலோகலோரி/மோல்னு அவங்களே சொல்லிட்டாங்க. அதில் 0.3-ஐப் பார்க்கிறது, லாரி எடைமேடையில் தாலிக்கொடியை நிறுக்கிற கதை. ரேண்டம் சீடை மாத்தி பத்து தடவை ஓட்டுங்க, இயல்புப் புரதத்துக்குள்ளேயே அந்த 0.3 ஆடுறது தெரியும்.

ஒரு எண்ணை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க. 298 கெல்வினில் ஆர்டி (வாயு மாறிலி × வெப்பநிலை) 0.593 கிலோகலோரி. பிணைப்பு மாறிலி 10 மடங்கு மாறினா 1.36 கிலோகலோரி. உங்க 0.3 உண்மையாவே இருந்தாலும் 1.7 மடங்குதான் ஆகுது. 10 மடங்குக்குக் கீழ இருக்கிறதை எதிர்ப்புன்னு யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. ஆக டிடிஜி (மியூட்டேஷனால் பிணைப்பு ஆற்றலில் வர்ற வித்தியாசம்) 1.36-ஐத் தாண்டுதான்னு சொல்லணும், அதைச் சொல்லுற அளவுக்கு உங்க முறையோட பிழை சின்னதா இருக்கணும். டாக்கிங்கில் அது கிடையாது.

அப்புறம் பைமால் விசார்டு பண்ணுற வேலை பக்கச்சங்கிலியை மாத்தி வைக்கிறது மட்டும்தான். முதுகுச்சங்கிலி அசையாது, பக்கத்து அமினோ அமிலங்களும் நகராது. மெத்தியோனினுக்கு மூணு கை (χ) சுழல்கோணம், இருபதுக்கு மேல ரோட்டமர் (பக்கச்சங்கிலி நிக்கிற வடிவம்). சிவப்பு வட்டு (அணுக்கள் மோதுறதுக்கான குறி) கம்மியா இருக்கிற ரோட்டமரை எடுத்திருப்பீங்க. அதை மருந்தை நீக்கின பிறகு எடுத்தீங்களா, மருந்து உள்ளே இருக்கும்போதா? நீக்கின பிறகுன்னா மெத்தியோனின் நேரா மருந்து உட்காருற குழிக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கலாம். உள்ளே வெச்சு எடுத்தா மோதலே இல்லாத ரோட்டமரை நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுத்த மாதிரி. ரெண்டு வழியிலும் பதிலை முன்னாடியே எழுதிட்டுத்தான் கணக்கு போடுறீங்க.

டி790எம்முக்கு நிஜப் படிக அமைப்பே இருக்குங்க, மருந்தில்லாத 2ஜேஐடி. அதைப் பக்கத்தில் வெச்சு மெத்தியோனின் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு பாருங்க. அமைப்பு இருக்கும்போது மாடல் எதுக்கு?

கொல்லிமலை (நாமக்கல்)

குறுக்கே ஒரு எச்சரிக்கை. நாளைக்கு எர்லோட்டினிப்புக்கும் பண்ணலாம்னு 1எம்17-ஐ எடுத்தீங்கன்னா அதில் 790-ஆம் இடத்தில் திரியோனின் இருக்காது. அந்தக் கோப்பு, முதல் 24 அமினோ அமில சிக்னல் பெப்டைடைக் கழிச்சு எண் போட்டது. அங்கே அது திரியோனின் 766, ஹிஞ்ச் (மடிப்புப் பகுதி) மெத்தியோனின் 769. 2ஐடிஒய்யில் அதே ரெண்டும் 790, 793. ஸ்கிரிப்ட் எழுதி நூறு மியூட்டேஷன் ஓட்டுறவங்க, மாத்துறதுக்கு முன்னாடி "இந்த எண்ணில் இந்த அமினோ அமிலம்தானா"ன்னு ஒரு வரி சோதனை வைக்கலைன்னா கெரகம், எந்த எச்சரிக்கையும் வராம முழு அட்டவணையும் தப்பா வந்து நிக்கும்.

காசநோய் ஆட்களுக்கும் இதே தொல்லை. ரிஃபாம்பிசின் எதிர்ப்பின் எஸ்531எல்லும் எஸ்450எல்லும் ஒண்ணேதான். முன்னது ஈ. கோலை எண், பின்னது காசநோய்க் கிருமியின் சொந்த எண். பழைய கட்டுரை, புதுக் கட்டுரை ரெண்டிலிருந்தும் பட்டியல் சேர்க்கிறவங்க ஒரே மியூட்டேஷனை ரெண்டு தடவை எண்ணியிருப்பாங்க.

பவானிசாகர் (ஈரோடு)

12 ஜிபி ஜிபியூ இருக்கில்ல, அப்ப எஃப்இபியே போடலாமுங்க. டாக்கிங்கை விடுங்க, எம்எம்ஜிபிஎஸ்ஏவும் (டைனமிக்ஸ் சட்டகங்களிலிருந்து பிணைப்பைத் தோராயமா மதிப்பிடுற முறை) எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே டிராஜெக்டரியை வெச்சு, என்ட்ரோபியை விட்டுட்டு வர்ற எண்ணை வரிசைப்படுத்த வேணா வெச்சுக்கலாம், மதிப்பா எழுதக்கூடாது.

குரோமாக்ஸும் (மூலக்கூறு டைனமிக்ஸ் மென்பொருள்) பிஎம்எக்ஸும் (அதில் மியூட்டேஷனை அமைக்கிற கருவி) போதும், ரெண்டும் இலவசம். கணக்கோட எலும்புக்கூடு இதுதான். மருந்தோட இருக்கிற புரதத்தில் திரியோனினை மெத்தியோனினா கொஞ்சங் கொஞ்சமா உருமாத்துற ஆற்றல் ஒண்ணு. மருந்தில்லாத புரதத்தில் அதே உருமாற்றம் இன்னொண்ணு. முன்னதில் இருந்து பின்னதைக் கழிச்சா டிடிஜி. நேர்க்குறின்னா மருந்து பலவீனமா ஒட்டுது. குரோமாக்ஸ் கிலோஜூலில் கொடுக்கும், 4.184-ஆல் வகுக்க மறந்தவங்க அட்டவணையில் எல்லா மியூட்டேஷனும் பயங்கர எதிர்ப்பா நிக்கும்.

நடைமுறைப்படி: முதலில் விட்டுப்போன லூப்புகளைக் கட்டி, ஹிஸ்டிடின் ஒவ்வொண்ணுக்கும் புரோட்டான் நிலை பார்த்து முடிவு பண்ணுங்க. புரோப்கா (புரோட்டான் நிலையைக் கணிக்கிற நிரல்) சொல்றதை அப்படியே எடுக்காம அக்கம்பக்கத்து ஹைட்ரஜன் பிணைப்பைக் கண்ணால பாருங்க. மருந்துக்கு காஃப்2 (சிறு மூலக்கூறு விசைப்புலம்) அளவுருக்கள், ஏஎம்1-பிசிசி மின்னேற்றம். பிஎம்எக்ஸ் மியூட்டேட் கலப்பு அமினோ அமிலத்தை வைக்கும், புரதத்துக்கு அதோட வர்ற ஆம்பர்99எஸ்பி-ஸ்டார்-ஐஎல்டிஎன் மியூட் விசைப்புலம். பிடிபி2ஜிஎம்எக்ஸ் ஓட்டின பிறகு ஜென்டாப் ஓட்டினாத்தான் பி-நிலை (உருமாறின பிறகான) அளவுருக்கள் நிரம்பும். இதை விட்டா எந்தப் பிழையும் காட்டாது, உருமாற்ற ஆற்றல் பூஜ்யத்துக்குப் பக்கமா வரும். தண்ணீர்ப்பெட்டி ஓரம் 1.2 நானோமீட்டர், உப்பு 0.15 மோலார்.

பிறகு ரெண்டு முனை நிலையிலும் தனித்தனியா சமநிலை ஓட்டம், ஒவ்வொண்ணும் 5 நானோசெகண்ட், மூணு பிரதி. ஒவ்வொரு ஓட்டத்திலிருந்தும் 80 சட்டகம் எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் 50 பிகோசெகண்ட் வேக உருமாற்றம், முன்னும் பின்னும். கூட்டிப் பார்த்தா சமநிலை 60, உருமாற்றம் 48, ஆக 108 நானோசெகண்ட். அறுபதாயிரம் அணு அமைப்புக்கு நடுத்தர கேமிங் கார்டில் சாதா ஓட்டம் நாளுக்கு 100 நானோசெகண்ட் பக்கம் போகும். உருமாறுற அணுக்களோட கணக்கு மெதுவா ஓடுங்கிறதால உருமாற்றப் பகுதி அந்த வேகத்தில் வராது. எப்படியும் ஒரு வாரத்துக்குள்ள ஒரு மியூட்டேஷன் முடிஞ்சிரும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்னிக்குப் பகலில் நீண்ட ஓட்டத்தை ஆரம்பிக்காதீங்க. செக்பாயின்ட் தானா 15 நிமிஷத்துக்கு ஒருக்கா எழுதும், தொடர சிபிஐ கொடியைக் கொடுத்தாப் போதும். 50 பிகோசெகண்ட் உருமாற்றம் பாதியில் நின்னா தொடரவே வேண்டாம், அந்தச் சட்டகத்தை முதலிலிருந்து ஓட்டுங்க.

நொய்யல்கரை

ரொம்ப நன்றிங்ணா. அப்ப எஃப்இபி போட்டா டி790எம்முக்குப் பெரிய எண் வருமுங்களா?

ஊத்துக்குளி (திருப்பூர்)

வராது. வந்தா சந்தேகப்படுங்க. இதைத்தான் இங்க யாரும் இன்னும் சொல்லலை.

டி790எம்மை ஆரம்பத்தில் எல்லாரும் இடநெருக்கடின்னுதான் சொன்னாங்க: திரியோனின் சின்னது, மெத்தியோனின் பெருசு, மருந்து இடிக்குது. 2008-இல் அளந்து பார்த்தப்ப கதையே வேற. எல்858ஆரும் (858-இல் லூசின் ஆர்ஜினினா மாறி, கட்டியை வளர்க்கிற மியூட்டேஷன்) டி790எம்மும் சேர்ந்த இரட்டைப் பிறழ்வோட ஜெஃபிட்டினிப் இன்னமும் நானோமோலார் அளவில் ஒட்டுது. எல்858ஆர் தனியா இருக்கும்போது பிணைப்பு மாறிலி சுமார் 2.5 நானோமோலார், எல்858ஆர்–டி790எம் சேர்ந்தப்ப சுமார் 11. நாலரை மடங்குதான், 0.9 கிலோகலோரி. மாறினது ஏடிபி (கைனேஸ் இயல்பா பிடிக்கிற எரிபொருள் மூலக்கூறு) பக்கம். எல்858ஆருக்கு ஏடிபியின் மைக்கேலிஸ் மாறிலி (சின்னதா இருந்தா பிடி இறுக்கம்) 148 மைக்ரோமோலார், இரட்டைப் பிறழ்வுக்கு 8.4. இயல்புப் புரதத்துக்கு 5.2.

அதாவது எல்858ஆர் வந்தப்ப ஏடிபி மேல இருந்த பிடி தளர்ந்தது, அந்தச் சந்தில்தான் ஜெஃபிட்டினிப் ஜெயிச்சது. டி790எம் வந்து அந்தப் பிடியைத் திருப்பி இறுக்கிருச்சு. மருந்து போட்டி போடுறது ஏடிபியோட. செல்லுக்குள்ள ஏடிபி 1 மில்லிமோலார்னு வெச்சு செங்–புரூசாஃப் சமன்பாட்டில் (போட்டியாளர் இருக்கும்போது மருந்து எத்தனை மடங்கு கூட வேணும்னு சொல்றது) போடுங்க. எல்858ஆருக்கு 1 + 1000/148, கிட்டத்தட்ட 7.8. இரட்டைக்கு 1 + 1000/8.4, கிட்டத்தட்ட 120. இந்த ஒரு காரணத்திலேயே 15 மடங்கு. மருந்துப் பிணைப்பின் நாலரையோட பெருக்கினா 65–70 மடங்கு, 2.5 கிலோகலோரி.

நீங்க மருந்தை மட்டும் வெச்சுக் கணக்குப் போட்டா, எவ்வளவு துல்லியமான முறையா இருந்தாலும் அந்த 0.9 மட்டும்தான் கிடைக்கும். மீதி 1.6 நீங்க கேட்காத கேள்வியில் இருக்கு. உங்க வினா சொன்ன திசை எதிர்ப்போட ஒத்துப்போனது தற்செயல், அவ்வளவுதான்.

ஏபிஎல்லின் (ரத்தப் புற்றுநோய்க் கைனேஸ்) டி315ஐ வேற ரகம். அங்கே திரியோனினின் ஹைட்ராக்சில் இமாட்டினிப்போட நேரடி ஹைட்ரஜன் பிணைப்பில் இருக்கு. ஐசோலூசின் வந்தா அந்தப் பிணைப்பும் போச்சு, இடமும் போச்சு. பொனாட்டினிப்பில் அந்த இடத்தில் மெலிசான கார்பன்–கார்பன் மும்மைப் பிணைப்பை வெச்சதே ஐசோலூசினை உரசாம தாண்டத்தான். இந்த மாதிரி நேர்த்தாக்க மியூட்டேஷனில்தான் எஃப்இபி அழகா வேலை செய்யும். முறையைச் சோதிக்க ஏபிஎல்லை எடுங்க, ஈஜிஎஃப்ஆரை வேண்டாம்.

பவானிசாகர்

ஊத்துக்குளி அண்ணன் சொல்றது சரிங்க. ஆனா அது எஃப்இபிக்கு எதிரான வாதம் இல்லை. ஏடிபிக்கும் தனியா ஒரு சுற்று ஓட்டிட்டா முடிஞ்சுது. 148-க்கும் 8.4-க்கும் இடையில் 1.7 கிலோகலோரி, மைக்கேலிஸ் மாறிலியைப் பிணைப்பு மாறிலியாவே எடுத்துக்கிட்டா. எட்டக்கூடிய எண்தான்.

ஊத்துக்குளி

எட்டலாம்ங்க. ட்ரைபாஸ்பேட்டின் நாலு எதிர்மின்னேற்றத்தையும் மெக்னீசியத்தையும் நிலையான மின்னேற்ற விசைப்புலம் ஒழுங்கா நடத்துமான்னு முதல்ல பாருங்க. அளவுருக்களைத் தானியங்கிக் கருவியில் எடுக்காம, ஏடிபிக்குன்னு வெளியிட்டிருக்கிறதை எடுங்க. உருமாறுறது மின்னேற்றம் இல்லாத திரியோனின்–மெத்தியோனின்கிறதால பிழையில் பாதி கழிச்சலில் போயிரும். மீதிப் பாதி போகாது.

சிறுவாணி

பவானிசாகர், எல்லாத்துக்கும் எஃப்இபிங்கிறதுக்கு நான் ஒத்துக்கமாட்டேன். ஒரே ஒரு மியூட்டேஷன்னா சரி. மருந்து வடிவமைப்பில் கேள்வி வழக்கமா "இந்தக் குழியைச் சுத்தி இருக்கிற 25 அமினோ அமிலத்தில் எது மாறினா என் மூலக்கூறு சாகும்"ங்கிறது. 25 × 19 = 475. உங்க கணக்குப்படி ஒரு கார்டில் வருஷக்கணக்கா ஓடும். முதலில் வடிகட்டணும்.

முதல் சல்லடை மரபணு. நோயாளி உடம்பில் வர்ற மியூட்டேஷன் பெரும்பாலும் ஒரே ஒரு எழுத்து மாறி வர்றது. ஈஜிஎஃப்ஆரில் 790-க்கான கோடான் (ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கிற மூணெழுத்து) ஏ-சி-ஜி. ஒரு எழுத்து மாத்தினா செரின், புரோலின், அலனின், லைசின், மெத்தியோனின், ஆர்ஜினின், இந்த ஆறுதான் வரும். ஐசோலூசின் வராது. ஏபிஎல்லில் 315-க்கான கோடான் ஏ-சி-டி. அங்கே ஐசோலூசின் வரும், மெத்தியோனின் வராது. ஒரே கேட்கீப்பர் (மருந்துக் குழியின் வாசல்) இடத்தில் ஒரு புரதத்தில் மெத்தியோனினும் இன்னொண்ணில் ஐசோலூசினும் ஏன்னு கேட்டா பாதிப் பதில் இந்த மூணாவது எழுத்தில் இருக்கு. 475 இந்த ஒரு படியிலேயே 150 பக்கம் வந்திரும். இதுக்குப் புரத வரிசை போதாது. மரபணு வரிசையை, அதுவும் உங்க அமைப்பு எந்த உயிரினத்தோடதோ அதை இல்ல, நோயாளியோடதை எடுக்கணும். எலி ஏபிஎல் படிகத்தை வெச்சுக்கிட்டு எலி கோடானை எண்ணாதீங்க.

ரெண்டாவது சல்லடை நிலைத்தன்மை. புரதமே குலைஞ்சு போற மியூட்டேஷன் செல்லில் நிலைக்காது. இதுக்கு ஃபோல்டுஎக்ஸ் போதும். ரிப்பேர்பிடிபி முதல்ல, அது இல்லாம பில்டுமாடல் ஓட்டினா படிகத்தின் சின்னச் சின்ன மோதல் எல்லாம் மியூட்டேஷன் கணக்கில் ஏறிரும். மியூட்டேஷன் பட்டியல் கோப்பில் வரிசை: பழைய எழுத்து, சங்கிலி, எண், புது எழுத்து, கடைசியில் அரைப்புள்ளி. அரைப்புள்ளி விட்டா படிக்காது. ரன் எண்ணிக்கை 5, டிஃப் கோப்பின் சராசரி எடுக்கணும். நேர்க்குறின்னா குலைக்குது. 3 கிலோகலோரிக்கு மேல போனதை ஓரங்கட்டலாம், 1-க்குக் கீழ இருக்கிறதை வரிசைப்படுத்தவே கூடாது. நடுவில் இருக்கிறதுக்கு மேல் கட்டத்தில் இடம் கொடுங்க. கல்வி உரிமத்து ஃபோல்டுஎக்ஸ் டிசம்பர் 31-ஓட காலாவதியாகும், ஜனவரியில் "திடீர்னு ஓடலை"ன்னு இங்க வந்து கேட்காதீங்க.

மருந்துக்குத் தனியா அளவுரு கொடுக்காத வரைக்கும் ஃபோல்டுஎக்ஸுக்கு அது கண்ணுக்கே தெரியாதுங்கிறதையும் நினைப்பில் வைங்க. அப்படி ஓட்டிட்டு மருந்துப் பிணைப்புக்கு அதோட எண்ணை எடுக்கிறது அர்த்தமே இல்லாத வேலை. மருந்துக்குன்னா எம்சிஎஸ்எம்-லிக் மாதிரி சேவையகம் இருக்கு. இயல்புப் புரதத்தோட பிணைப்பை நானோமோலாரில் கொடுக்கணும், மைக்ரோமோலார் எண்ணை அப்படியே போட்டா ஆயிரம் மடங்கு தப்பு. இது ரெண்டாம் கருத்துக்கு மட்டும்.

இவ்வளவும் கழிச்சு மிஞ்சுற பத்துப் பதினஞ்சுக்கு உங்க எஃப்இபி.

பவானிசாகர்

3 கிலோகலோரி வெட்டு எனக்கு இடிக்குதுங்க அக்கா. எதிர்ப்பு மியூட்டேஷன் பலதும் புரதத்தைக் கொஞ்சம் குலைச்சுட்டுத்தான் வருது, பிறகு வேற இடத்தில் இன்னொரு மியூட்டேஷன் வந்து அதைத் தாங்கிப் பிடிக்குது. பீட்டா-லாக்டமேஸ் (பெனிசிலினைச் சிதைக்கிற நொதி) டெம்-1-இல் எம்182டி அதுக்குன்னே பேர்போனது, தனியா எதிர்ப்பே கொடுக்காது. அதனால் வெட்டினதைத் தூக்கிப் போடாம தனிக் கோப்பில் வைங்கன்னு சொல்வேன்.

சிறுவாணி

அது சரி. தனிக் கோப்பு.

கோழிப்பண்ணை (நாமக்கல்)

புற்றுநோய்க்காரங்க நடுவில் ஒரு கால்நடை ஆள். எங்க பக்கம் கோழிக்கு என்ரோஃப்ளாக்ஸசின் கொடுக்கிறது சகஜம், ஈ. கோலையில் ஜைரேஸ் ஏ (டிஎன்ஏ முறுக்கைக் கையாளுற நொதி) எஸ்83எல் எங்க பார்த்தாலும் வருது. பசங்க இதே டாக்கிங்கைப் பண்ணிட்டு "செரின் போய் லூசின் வந்தும் ஸ்கோர் கூடிருச்சு"ன்னு வர்றாங்க. லூசின் பெருசு, எண்ணெய்த் தன்மை, வினாவுக்குப் பிடிக்கும்னு விட்டுரலாமுங்களா, இல்ல வேற ஏதாவது இருக்குதுங்களா?

ஊத்துக்குளி

வேற இருக்குங்க. ஃப்ளூரோகுவினோலோன் (என்ரோஃப்ளாக்ஸசின் இந்த வகை) அந்தச் செரினைத் தொடுறதே இல்லை. மருந்தின் கீட்டோ–அமிலப் பகுதி ஒரு மெக்னீசியம் அயனியைப் பிடிக்கும். அந்த அயனியைச் சுத்தி நாலு தண்ணீர் மூலக்கூறு. அதில் ரெண்டு, செரின் 83-ஓடவும் அடுத்த ஹெலிக்ஸ் திருப்பில் இருக்கிற ஆஸ்பார்ட்டிக் அமிலம் 87-ஓடவும் ஹைட்ரஜன் பிணைப்பு போடும். ஒட்டுறது இந்தத் தண்ணீர்–உலோகப் பாலம் வழியா. பசங்க புரதத்தைத் தயார் பண்ணும்போது "தண்ணியை நீக்கு, அயனியை நீக்கு"ன்னு முதல் கட்டளையிலேயே பாலத்தை இடிச்சுட்டு, பிறகு பாலம் இடிஞ்சா என்ன ஆகும்னு கணக்குப் போடுறாங்க.

டிஎன்ஏவும் வேணும். மருந்து வெட்டுப்பட்ட டிஎன்ஏவின் கார இணைகளுக்கு நடுவில் செருகி நிக்குது. வெறும் ஜைரேஸ் ஏ துண்டில் டாக் பண்ணினா குழியே இல்லை. 2எக்ஸ்கேகே-ஐப் பாருங்க, அசினெட்டோபாக்டரின் டோப்போஐசோமரேஸ் நாலு, மாக்சிஃப்ளாக்ஸசினோட, மெக்னீசியமும் தண்ணீரும் தெளிவா இருக்கும். காசநோய்க் கிருமியின் ஜைரேஸில் 83-க்கு ஈடான இடம் 90, அங்கே இயற்கையிலேயே அலனின். பாலத்தின் ஒரு கால் பிறப்பிலேயே கிடையாது, அதனால் குவினோலோனுக்கு அது இயல்பாவே கொஞ்சம் மசியாத ஜாதி.

கோழிப்பண்ணை

அப்படிங்களா! தண்ணீர் நாலையும் வெச்சு, டிஎன்ஏவோட திரும்ப ஓட்டச் சொல்றேனுங்க.

பவானிசாகர்

டாக்கிங்கில் வேண்டாமுங்க. மெக்னீசியத்தைச் சுத்தின ஆறு கை ஒருங்கிணைப்பை வினா அறியாது. பாலத்தோட படிக அமைப்பிலிருந்து நேரா டைனமிக்ஸ் ஓட்டி, செரினிலும் லூசினிலும் தண்ணீர்–ஹைட்ராக்சில் தூரம் எத்தனை சதவீத நேரம் 3.5 ஆங்ஸ்ட்ராமுக்குள்ள நிக்குதுன்னு பார்த்தாலே விளங்கிரும். மெக்னீசியத்தோட தண்ணீர் மாறுறது மைக்ரோசெகண்ட் கணக்கு, உங்க ஓட்டத்தில் ஒரு தடவை கூட மாறாது. அதனால் தொடக்கத்தில் எந்தத் தண்ணீரை எங்க வெச்சீங்களோ அதுதான் கடைசி வரைக்கும்.

கைனேஸிலும் தண்ணீர் கதை உண்டு. எர்லோட்டினிப்பின் குவினசோலின் என்3, திரியோனினை நேரா தொடாம ஒரு தண்ணீர் வழியாத் தொடுது. மெத்தியோனின் வரும்போது அந்தத் தண்ணீர் வெளியே போகணும். 50 பிகோசெகண்டில் அது வழி கண்டுபிடிச்சுப் போகாது. மெத்தியோனின் முனை நிலையைத் தண்ணீர் இல்லாமத் தனியா சமநிலைப்படுத்திப் பாருங்க. முன்–பின் வேலைப் பரவல்கள் ஒண்ணோட ஒண்ணு படியலைன்னா காரணம் அங்கதான் இருக்கும்.

பொன்னூத்து (கோவை)

ஆல்ஃபாஃபோல்டில் பிறழ்வு வரிசையைக் கொடுத்து அமைப்பை வாங்கிக்கலாமே, பைமால் எதுக்கு?

சிறுவாணி

கொடுத்தா கிட்டத்தட்ட அதே இயல்பு அமைப்பைத் திருப்பிக் கொடுக்கும். ஒற்றை அமினோ அமில மாற்றத்தின் விளைவைச் சொல்ல அது பயிற்றுவிக்கப்படலை. நம்பகத்தன்மை எண் 90-க்கு மேல நிக்கிறதைப் பார்த்து "மியூட்டேஷன் அமைப்பைப் பாதிக்கலை"ன்னு முடிவு கட்டக்கூடாது. ஆல்ஃபாமிஸ்சென்ஸ் வேற கேள்விக்கான பதில்: புரதம் வேலை செய்யுமா, நோய் தருமாங்கிறது. எதிர்ப்பு மியூட்டேஷனில் புரதம் நல்லா வேலை செய்யணும், மருந்து மட்டும் ஒட்டக்கூடாது. அதனால் அதில் "தீங்கற்றது"ன்னு வர்றதுதான் நமக்கு ஆபத்தானது. சல்லடையா அப்படித் தலைகீழா வெச்சுப் பயன்படுத்தலாம்.

கொல்லிமலை

அமைப்பை வெச்சுக் கணக்கே போட முடியாத ரகங்களையும் சேர்த்துக்கோங்க. ஈஜிஎஃப்ஆர் சி797எஸ்: ஆசிமெர்ட்டினிப் அந்தச் சிஸ்டீனோட சகப்பிணைப்பு போடுற மருந்து. செரின் வந்தா பிணைப்பே உருவாகாது. சாதா டாக்கிங், சாதா எஃப்இபி ரெண்டும் ஒட்டிக்கிட்டிருக்கிற நிலையை மட்டும் பார்க்கும், வேதிவினையைப் பார்க்காது. கோடான் டி-ஜி-சி, ஏ-ஜி-சி ஆனாலும் டி-சி-சி ஆனாலும் செரின்தான், ரெண்டு வழி திறந்து கிடக்கு.

ஐசோநயாசிட் இன்னும் மோசம். பெருந்துறை சானடோரியம் காலத்திலிருந்து நம்ம பக்கம் தெரிஞ்ச காசநோய் மாத்திரைதான், ஆனா ஐஎன்எச்ஏவில் (அது தாக்குற கிருமிப் புரதம்) ஐசோநயாசிட்டை டாக் பண்ணுற புராஜெக்ட் வருஷா வருஷம் வருது. ஒட்டுறது ஐசோநயாசிட் இல்லை, கேட்ஜி (கிருமியின் இன்னொரு நொதி) அதை முறிச்சு என்ஏடியோட சேர்த்த கூட்டுப்பொருள். எதிர்ப்பில் முக்காவாசி கேட்ஜியின் எஸ்315டியில் இருக்கு, மாத்திரை செயலூக்கம் பெறுறதே அங்க தடைபடுது. இன்னொரு பங்கு ஐஎன்எச்ஏவின் புரமோட்டரில் (மரபணுவை இயக்குற முன்பகுதி), −15 இடத்தில் சி போய் டி. புரதத்தில் ஒரு அணு கூட மாறலை, உற்பத்தி மட்டும் கூடுது. இதுக்கு எந்த அமைப்பைத் திறந்து வெச்சும் பிரயோஜனமில்லை.

நொய்யல்கரை

எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டேனுங்க. கடைசியா மூணு கேள்வி. எல்858ஆரில் மின்னேற்றம் மாறுதே, அதை எப்படிச் சமாளிக்கிறது? எஃப்இபி எண் வந்தா அதை நம்பலாமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? எந்த அளவுக்குத் துல்லியம் எதிர்பார்க்கலாம்?

பவானிசாகர்

துல்லியம் முதல்ல. ஏபிஎல்லில் 144 மியூட்டேஷன், எட்டு கைனேஸ் மருந்து வெச்சு 2018-இல் வந்த ஆய்வில் பிழை 1.1 கிலோகலோரி, எதிர்ப்பா இல்லையாங்கிற வகைப்பாடு 88 சதவீதம் சரி. அந்த 88-ஐப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை எதிர்ப்பில்லாதவை, கண்ணை மூடிக்கிட்டு "எல்லாம் எதிர்ப்பில்லை"ன்னு சொன்னாலும் நல்ல சதவீதம் வரும். எதிர்ப்பா இருக்கிறதில் எத்தனையைப் பிடிச்சீங்கங்கிறதைத் தனியா எழுதுங்க.

நம்பகத்துக்கு: மூணு பிரதியும் ஒண்ணுக்கொண்ணு 1 கிலோகலோரிக்கு மேல விலகினா அந்த எண்ணை வெளியே காட்டாதீங்க. பிழையை பிஏஆர் (பென்னட் ஏற்பு விகிதம்) முறை கொடுக்கிற பகுப்பாய்வு எண்ணிலிருந்து எடுக்காம பிரதிகளோட சிதறலிலிருந்து எடுங்க, முன்னது எப்பவுமே சின்னதாத்தான் காட்டும். அப்புறம் 2ஜேஐடியிலிருந்து தொடங்கி மெத்தியோனினைத் திரியோனினா மாத்தும் திருப்பு ஓட்டம் ஒண்ணு போடுங்க. குறி மாறி அதே எண் வரணும். வரலைன்னா ரெண்டு படிகத்துக்கும் இடையில் சி-ஹெலிக்ஸோ டிஎஃப்ஜி பகுதியோ (கைனேஸின் அசையுற பாகங்கள்) வேற நிலையில் இருக்கும், அதை நானோசெகண்டில் கடக்க முடியாது. புரோலின் வர்ற மியூட்டேஷனை பிஎம்எக்ஸில் முயற்சியே பண்ணாதீங்க, வளையத்தை உடைச்சுக் கட்டுறது அதுக்கு முடியாது.

மின்னேற்றம் மாறுறதுக்கு: மருந்தோட இருக்கிற புரதமும் மருந்தில்லாத புரதமும் ஒரே நீளப் பெட்டியில், குறைஞ்சது 3 நானோமீட்டர் இடைவெளியில். ஒண்ணில் முன்னோக்கி உருமாற்றம், இன்னொண்ணில் பின்னோக்கி. மொத்த மின்னேற்றம் எந்த லாம்டாவிலும் (உருமாற்றத்தின் எந்தப் படியிலும்) மாறாது, வர்ற எண்ணே நேரா டிடிஜி. ரெண்டும் நகர்ந்து ஒட்டிக்காம ஒவ்வொண்ணிலும் ஒரு ஆல்ஃபா கார்பனை இடத்தில் கட்டிப்போடணும். அணு எண்ணிக்கை இரட்டிப்பாகும், 12 ஜிபி தாங்கும்.

ஆனா தம்பி, உங்களுக்கு அது தேவையே இல்லை. உங்க கேள்வி எல்858ஆர் ஏற்கெனவே இருக்கிற கட்டியில் டி790எம் வந்தா என்ன ஆகுதுங்கிறது. 2ஐடிஒய்யை விட்டுட்டு 2ஐடிஇசட்-ஐ எடுங்க, அது எல்858ஆர் ஜெஃபிட்டினிப்போட இருக்கிறது. ஏடிபி சுற்றுக்கு 2ஐடிவி, எல்858ஆர் ஏஎம்பி-பிஎன்பியோட (ஏடிபிக்குப் பதிலா வைக்கிற ஒத்த மூலக்கூறு). அதில் நைட்ரஜனை ஆக்சிஜனா மாத்தி, மெக்னீசியம் இருக்கான்னு பார்த்து இல்லைன்னா வைங்க. மருந்தில்லாத சுற்று ரெண்டுக்கும் பொது, ஒருக்கா ஓட்டினாப் போதும். ஆக மூணு சுற்று, எல்லாத்திலும் மாறுறது மின்னேற்றமில்லாத திரியோனின்–மெத்தியோனின். மருந்துக்கு 0.9 பக்கமும், ஏடிபிக்கு −1.7 பக்கமும் வரணும்.

நொய்யல்கரை

2ஐடிஇசட் இறக்கிட்டேனுங்க. 790-இல் திரியோனின், 858-இல் ஆர்ஜினின், எண் சரியா இருக்கு. முதலில் மருந்தில்லாத சுற்றை ஏத்துறேன்.